புறங்கையால் தொட்ட மஞ்சள் பந்து

எனக்கு எழுபத்து மூன்று வயது நடக்கிறது. பெற்று வளர்த்தது ஐந்து. ஆரணியில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்த்த இருபத்தாறு வருஷத்தில், பந்து விளையாட வெளியூர் கூட்டிப் போய்ப் பத்திரமாகக் கூட்டி வந்த பிள்ளைகளையும் சேர்த்தால், ஐந்தோடு நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியைக்கூட நான் தொலைத்ததில்லை. விளையாட்டு சாரை ஒரு தடவை போளூரில் தொலைத்தேன். அவர் வளர்ந்த ஆள், தானே வந்து சேர்ந்துவிட்டார்.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பெண்களுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். பெல் அடிப்பதையும் தண்ணீர் பிடிப்பதையும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஒரு நாள் பெரிய டீச்சர் உங்களைக் கூப்பிட்டு, “வெளியூர்ல மேட்ச். பொம்பளப் பிள்ளைங்க போவுது, ஒரு பொம்பள துணைக்குப் போவணும். டீச்சருங்களுக்கு எல்லாம் வீட்ல விசேஷம். நீ போ” என்பார். டீச்சர்களுக்கு எப்போதும் வீட்டில் விசேஷம்தான். அந்த நாளுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். அவசரப்படாமல் கேளுங்கள்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் பூப்பந்துதான் பெரிய விளையாட்டு. பக்கத்துக்கு ஐந்து பேர், நடுவில் வலை, கையில் மட்டை. பந்து மஞ்சள் நிறம், எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிது. கம்பளி நூலைச் சுற்றிச் சுற்றிச் செய்தது. தரையில் விழாமல் ஒரே அடியில் அந்தப் பக்கம் அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. மிச்சமெல்லாம் கத்தல்.

தொண்ணூறுகளின் நடுவில், பத்தாவது படித்த மேகலா என்ற பெண் அணியில் இருந்தாள். ஒல்லி, உயரம், முயல் மாதிரி ஓடுவாள். அவள் அப்பா பட்டு நெய்கிறவர், வீட்டிலேயே இரண்டு தறி. முதலில் பெண்ணை அனுப்ப மாட்டேன் என்றார். ஒரு போட்டியில் அவள் எவர்சில்வர் தூக்கு ஜெயித்துக்கொண்டு போய்க் கொடுத்தாள். அதன் பிறகு அவர் தடை சொல்லவில்லை. ஆனால் பத்தாவது முடிந்ததும் சந்தவாசலில் இருக்கும் தாய்மாமனுக்குக் கட்டிக் கொடுப்பது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. மாமனுக்கு முப்பது வயது. மேகலாவுக்குப் பதினைந்து முடியவில்லை.

அவளுக்கு இருந்த ஒரே வழி விளையாட்டு விடுதி. அங்கே எடுத்துக்கொண்டால் தங்க இடம், சாப்பாடு, பன்னிரண்டாவது வரை படிப்பு, எல்லாம் அவர்கள் பொறுப்பு. அந்த வருஷம் வந்தவாசியில் நடக்கும் போட்டிக்கு, விடுதிக்கு ஆள் எடுக்க இரண்டு பேர் வருவதாகச் செய்தி வந்தது. “இவள எடுக்கலன்னா அவங்களுக்குக் கண்ணு இல்லன்னு அர்த்தம், ஆயாம்மா” என்றார் சார்.

அப்போதுதான் அவள் அப்பா தறியில் நீளவாக்கில் ஏற்றியிருந்த பாவில் இழை அறுந்தது.

நடந்தது இதுதான். ஒரு சாயங்காலம் மேகலாவின் அப்பா பள்ளிக்கூட மைதானத்துப் பக்கம் வந்தவர், வேலி ஓரமாக நின்று ஆட்டத்தைப் பார்த்திருக்கிறார். பந்து மேகலாவின் இடப் பக்கம் வந்தது. அவள் கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய், புறங்கை முன்னால் போகிற மாதிரி ஓங்கி ஒரு அடி அடித்தாள். பேக்ஹேண்ட் என்பார்கள். மறுநாள் காலை அவர் தறியில் உட்கார்ந்ததும் பாவில் பதினொரு இழை அறுந்தது. மத்தியானம் இன்னும் நாலு. அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார்.

“ஆயாம்மா, நூலு எங்களுக்கு சோறு. கால்ல பட்டாலே கண்ல ஒத்திக்கிறோம். இவ இன்னாடான்னா புறங்கையால தள்றா. வேண்டாத விருந்தாளிய அப்படித்தான் தள்ளுவாங்க. லட்சுமி இன்னா பண்ணுவா? போய்ட்டா.”

சார் ஓடி வந்தார். “ஐயா, அது ஒரு ஸ்ட்ரோக். இடது பக்கம் வர்ற பந்த வேற எப்பிடி அடிப்பா?”

“வலது பக்கம் வரச் சொல்லுங்க.”

“எதிர் டீமு சொன்னா கேக்குமா?”

“கேக்கலன்னா அது இன்னா ஆட்டம்?”

சார் கரும்பலகையில் கோடு போட்டு, அம்புக்குறி போட்டு விளக்கினார். மேகலா அப்பா முழுவதையும் மரியாதையாகக் கேட்டுவிட்டு, “விளையாடட்டும். புறங்கை மட்டும் வேணாம். அடிச்சான்னு கேள்விப்பட்டேன்னா அன்னிக்கே நிறுத்திடுவேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேகலா அப்பா பேச்சைத் தட்டாத பெண். அது மட்டுமில்லை, அவளுக்கே மனசில் அந்தப் பயம் ஒட்டிக்கொண்டது. பதினைந்து இழை என்றால் சும்மாவா? அன்றிலிருந்து இடப் பக்கம் பந்து வந்தால் மட்டையை இடது கைக்கு மாற்றி அடித்தாள். தறியில் குறுக்கு நூல் ஓட்டும் நாடாவை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் தள்ளிப் பழகிய கை அது. மெதுவான பந்துக்கு அழகாக வந்தது. வேகமான பந்துக்கு மட்டை நடுவழியில் நழுவும். ஒரு நாள் அப்படி நழுவிப் பறந்து, உயர நாற்காலியில் இருந்த நடுவரின் மடியில் போய் விழுந்தது. அந்த நல்ல மனிதர் எழுந்து, இரண்டு கையாலும் மட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

இன்னொரு கூத்தும் இருந்தது. பந்து காலில் பட்டால் உடனே குனிந்து எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொள்வாள். அதில் அவளுக்கு யோசனையே கிடையாது, கண் இமைக்கிற மாதிரி நடந்துவிடும்.

இந்த இடத்தில் நான் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். புதுப் பெண்களே, இதைக் கவனமாகக் கேளுங்கள்.

பெரிய டீச்சரிடம் சொல்லாமல், சாரிடமும் சொல்லாமல், நானே மேகலா வீட்டுக்குப் போனேன். அவர் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருந்தார். நான் நிலைப்படியில் நின்றபடியே, ரொம்ப அமைதியாக, “அது நீங்க நினைக்கிற நூலே இல்லீங்க. பருத்தியும் இல்ல, பட்டும் இல்ல. கம்பளி. ஆட்டு மசுரு” என்றேன்.

தறிச் சத்தம் நின்றது.

“இன்னாது?”

“ஆட்டு மசுருங்க. மஞ்ச சாயம் போட்டது. அதுல லட்சுமி எங்க கீறா?”

அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் தப்பு செய்துவிட்டேன் என்று தெரிந்தது. “இத்தினி நாளா எம் பொண்ணு மசுர கண்ல ஒத்திகினு கீறாளா? அந்தக் கையோட வந்து பாவ தொட்டாளா?” உள்ளே திரும்பி, “மேகலா, போய்த் தலைக்கு ஊத்திக்கோ!” என்று கத்தினார்.

எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. நான் சும்மா இருந்திருக்கலாம். “உங்க பட்டு மட்டும் இன்னாவாம்? புழு வாயில வர்ற எச்சில்தானே?” என்று கேட்டுவிட்டேன்.

பட்டு நெய்கிறவர் வீட்டு வாசலில் நின்று, தறியில் பாவு ஏறியிருக்கும்போது, நான் அப்படிக் கேட்டேன். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அவர் அடிக்கவில்லை. பாவில் ஒரு இழையை விரலால் தொட்டுக் காட்டி, “புழுவோ, ஆடோ, முறுக்கு ஏறிட்டா அது நூலு ஆயாம்மா. நூலுன்னா மரியாத குடுக்கணும்” என்றார். நான் படியிறங்கி வந்துவிட்டேன்.

ஆக, என் முயற்சியால் கிடைத்த பலன் இது. புறங்கை கூடாது என்பது அப்படியே நின்றது. ஆட்டம் முடிந்ததும் தலைக்குக் குளிக்காமல் வீட்டுக்குள் வரக் கூடாது என்று புதிதாக ஒன்று சேர்ந்தது. மூன்றாவதாக, வந்தவாசிக்கு அவரே நேரில் வந்து பார்க்கப் போகிறார். பெற்றவர்களிடம் கெட்டிக்காரத்தனம் காட்டப் போகாதீர்கள். அவர்களுக்கு நம்மைவிடப் பழக்கம் அதிகம்.

வந்தவாசியில் போட்டி அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. நாங்கள் முந்தின இரண்டு ஆட்டங்களையும் ஜெயித்து இறுதிக்கு வந்துவிட்டோம். எதிர் அணிப் பிள்ளைகளுக்கு அதுவரை மேகலாவைப் பற்றித் தெரியாது. இறுதி ஆட்டத்தில் இருபத்தொன்பது புள்ளி கொண்ட மூன்று சுற்று, அதில் இரண்டை எடுத்தவர் ஜெயிப்பார். முதல் சுற்று எங்களுக்கு. இரண்டாவது சுற்றின் பாதியில் அந்த அணிக்குத் துணையாக வந்த அம்மாள் கண்டுபிடித்துவிட்டாள். என்னை மாதிரியே ஆயா வேலைதான், ஆனால் தொண்டை பெரியது.

“ஏய், அந்த நெட்டச்சிக்கு இடது பக்கம் போடுங்கடி! இல்லன்னா காலுக்குப் போடுங்க! கும்பிட்டுகினு நிப்பா!”

அப்படியே போட்டார்கள். இடப் பக்கம் வந்தால் மேகலா மட்டையை மாற்றுவதற்குள் பந்து தரையில் இருந்தது. காலில் பட்டால் புள்ளியும் போய், அவள் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நேரமும் போய், நடுவரின் விசிலும் வந்தது. இரண்டாவது சுற்று அவர்களுக்குப் போயிற்று. மூன்றாவதில் இருபதுக்குப் பதின்மூன்று என்று பின்னால் கிடந்தோம். பந்தலுக்குக் கீழே நாற்காலியில் இருந்த விடுதிக்காரர்கள் இரண்டு பேரும் தாளில் எதையோ எழுதினார்கள். அப்புறம் எழுதுவதை நிறுத்திவிட்டு மோர் குடித்தார்கள். அவர்கள் மோர் குடித்ததைப் பார்த்ததும் நான் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு கோட்டோரம் போனேன்.

மேகலாவின் அப்பா கோட்டுக்குப் பக்கத்தில் துண்டை விரித்து, கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். அவர் மட்டும் ஒரு கால் மணி நேரம் அந்தப் பக்கம் திரும்பினால் போதும், பெண்ணுக்குக் கை வந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. வேறு யோசனை வரவில்லை. நான் மயங்கி விழுந்தேன்.

பொய்யாகத்தான். தண்ணீர்க் குடத்தோடு, நன்றாகவே விழுந்தேன். முழங்கை சிராய்த்துவிட்டது. அவர் என்னைத் தூக்கிக்கொண்டு நிழலுக்குப் போவார், அந்த நேரத்தில் ஆட்டம் நடக்கும் என்பது என் கணக்கு. நடந்தது வேறு. விசில் அடித்து ஆட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். பத்துப் பிள்ளைகளும் என்னைச் சுற்றி நின்று அழுதார்கள். எதிர் அணி அம்மாள் ஒரு வாளித் தண்ணீரை என் முகத்தில் கொட்டினாள், வேண்டுமென்றே கொட்டினாள் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். யாரோ என் கையில் இரும்புச் சாவியைத் திணித்தார்கள். அது வலிப்புக்கு, மயக்கத்துக்கு இல்லை. சொல்ல முடியாத நிலையில் இருந்தேன்.

மேகலாவின் அப்பா என்னை அதே கோட்டோரத்தில் தன் துண்டின் மேல் கிடத்தி, சார் வைத்திருந்த அட்டையை வாங்கி எனக்கு விசிறினார். ஆட்டம் மறுபடி தொடங்கியது. அவர் கை விசிறியது. கண் ஆட்டத்தைவிட்டு அசையவில்லை. முன்பாவது கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார், இப்போது அதுவும் இல்லை. நான் ஈரப் புடவையோடு படுத்தபடி அடுத்த மூன்று புள்ளிகள் போவதைப் பார்த்தேன். இருபத்து மூன்று, பதின்மூன்று.

அப்போது பந்து அவிழ்ந்தது. யாரோ அடித்த அடியில் மேல் நூல் பிரிந்து, பந்து வலைக்கு அந்தப் பக்கமும் நூல் இந்தப் பக்கமுமாகக் கிடந்தது. வேறு பந்து கேட்டார்கள். பெட்டியில் இருந்ததெல்லாம் காலையிலிருந்து அடிபட்டு உருக்குலைந்து போனவை. கடைத்தெருவுக்கு ஆள் அனுப்பலாம், ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். விடுதிக்காரர்களில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். “எங்களுக்கு பஸ்சுக்கு டைம் ஆவுது. இதுக்கு மேல பாக்கறதுக்கும் ஒண்ணும் இல்ல” என்று தாளை மடித்தார். சார் முகம் வெளுத்துவிட்டது. மேகலா மட்டையைத் தரையில் ஊன்றியபடி அப்படியே நின்றாள். அவளுக்குக் கேட்டிருக்கும்.

என் பக்கத்தில் விசிறல் நின்றது. பார்த்தால் மேகலாவின் அப்பா எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, ஆட்டக் களத்துக்குள் போய்க்கொண்டிருந்தார். மைதானத்து மண்ணில் நூல் அவிழ்ந்து கிடக்கிறது. அதை அவரால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. நடுவர் “ஐயா, ஐயா” என்றார். இவர் காதில் வாங்கவில்லை. சம்மணம் போட்டு உட்கார்ந்தார், நூலை மடியில் சேர்த்தார், பிரிந்த நுனியைத் தேடி எடுத்து விரலால் முறுக்கி, இறுக்கிச் சுற்றி, எங்கே தொடங்கியது எங்கே முடிந்தது என்று தெரியாமல் முடிச்சுப் போட்டு உள்ளே செருகினார். இரண்டு அணியும் சுற்றி நின்று பார்த்தது. எதிர் அணி அம்மாள்கூட வாயை மூடிக்கொண்டாள்.

முடித்ததும் பந்தை இடது உள்ளங்கையில் வைத்து, வலது புறங்கையால் மெல்லத் தடவிப் பார்த்தார்.

நான் மயக்கத்தை மறந்து எழுந்து உட்கார்ந்தேன். பட்டு நெய்கிறவர்கள் பாவை அப்படித்தான் தடவிப் பார்ப்பார்கள். உள்ளங்கை சொரசொரப்பு, இழை மாட்டும், வேர்வை ஒட்டும். புறங்கைதான் மெத்தென்று இருக்கும். நான் ஆயிரம் தடவை பார்த்த காரியம். அதுவரை பார்த்ததாகவே எனக்குத் தெரியவில்லை.

ஓடிப் போய் அவர் எதிரில் நின்றேன். “இப்ப இன்னா பண்ணீங்க?”

“மயக்கம் போட்டவங்க எழுந்து ஓடறீங்க?”

“அத விடுங்க. நூல புறங்கையால தொட்டீங்களே.”

“அது தள்றது இல்ல, ஆயாம்மா. நல்லாக் கீதான்னு பாக்கறது. வேற எதால பாப்பாங்க?”

“அப்ப அவளும் பாக்கட்டும். தள்ள வேணாம். சும்மா பாக்கட்டும்.”

அவர் பந்தைப் பார்த்தார். அவர் போட்ட முடிச்சு. அது நிற்குமா என்று அவருக்கே தெரிய வேண்டியிருந்தது, முகத்தில் எழுதியிருந்தது. கடைசியில் பெண்ணைக் கூப்பிட்டார். “மேகலா, இந்தா. புறங்கையால பாக்கலாம். பாவு பாக்கற மாதிரி. தள்ளினா தெரிஞ்சிடும் எனக்கு.”

“சரி, நைனா.”

விடுதிக்காரர்கள் கிளம்ப எழுந்தவர்கள், களத்தின் நடுவில் ஒருவர் பந்துக்கு நூல் சுற்றுவதை வேடிக்கை பார்க்க நின்றிருந்தார்கள். நின்றவர்கள் நின்றபடியே அடுத்த பந்தையும் பார்த்தார்கள். இடப் பக்கம்தான் வந்தது, வேகமாக. மேகலா மட்டையை மாற்றவில்லை. புறங்கையைக் குறுக்கே கொண்டுவந்து, அடிக்காமல், தொட்டாள். அவ்வளவுதான். பந்து தன் வேகத்தையெல்லாம் அவள் மட்டையில் கழற்றி வைத்துவிட்ட மாதிரி எழும்பி, வலையைத் தாண்டி, வலை ஓரத்திலேயே விழுந்து கிடந்தது. எதிர் அணி ஐந்து பேரும் அடி வரும் என்று பின்னால் போயிருந்தார்கள். ஒருத்தியும் கிட்டத்தில் இல்லை.

“அப்பிடித்தான்! பாரு! தள்ளாத, பாரு!” என்று அப்பா கத்தினார்.

அடுத்ததும் அப்படியே. அடுத்ததும். எதிர் அணிப் பிள்ளைகள் வலைக்குக் கிட்டே ஓடி வந்தால், மேகலா வலக் கைப் பக்கம் ஓங்கி அடித்துப் பின்னால் அனுப்பினாள். பின்னால் போனால் புறங்கையால் தொட்டு முன்னால் விழவிட்டாள். எதிர் அணி அம்மாள், “அவரு பாரு பாருங்கறாரு, இன்னாத்தடி பாக்கச் சொல்றாரு?” என்று தவித்தாள். அவள் பிள்ளைகளும் எதையோ பார்க்கத் தொடங்கிப் பந்தைக் கோட்டைவிட்டார்கள். சார் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

இருபத்தொன்பதுக்கு இருபத்தாறு. தோற்றுவிட்டோம். பாதி ஆட்டம் போன பிறகு தொடங்கியதற்கு அதுவே பெரிது. முடிச்சு கடைசி வரை நின்றது.

விடுதிக்காரர்கள் மடித்த தாளைப் பிரித்து, மேசை போட்டு உட்கார்ந்தார்கள். படிவம் வந்தது. பெயர், ஊர், வயது. பிறகு ஒருவர் பேனாவை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். “அந்த பேக்ஹேண்ட் டச்சு, அது சும்மா வராது. யாரு சொல்லிக் குடுத்தது? பயிற்சியாளர் பேரு போடணும்.”

சார் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தார். அதற்குள் மேகலாவின் அப்பா, “நான்தாங்க. எங்க வீட்டு வித்த அது” என்றார்.

புதுப் பெண்களே, பந்து அவிழ்ந்தது நெருக்கடி இல்லை. நான் மயங்கியதும் இல்லை. இதுதான் நெருக்கடி. கீழே பெற்றவர் கையெழுத்துப் போட ஒரு கட்டம் காலியாக இருந்தது. அதில் கையெழுத்து விழாவிட்டால் சந்தவாசல்தான். சார் வாயைத் திறந்தார். நான் அவர் காலை மிதித்தேன். செருப்போடு, என் முழு பாரத்தையும் வைத்து மிதித்தேன்.

சார் என்னைப் பார்த்தார். நான் அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். படித்தவர், புரிந்துகொண்டார்.

“ஆமாங்க” என்றார் மெதுவாக. “அவருதான் கோச்சு.”

மேகலாவின் அப்பா தன் பெயரைத் தானே ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி எழுத வைத்தார். எழுதியதைப் பார்த்துக்கொண்டே, கீழே கையெழுத்தும் போட்டார். மாமன் வீட்டுக்கு என்ன சொல்வீர்கள் என்று மேகலா பயந்து பயந்து கேட்டாள். “நான் கோச்சு பண்ற பொண்ண எப்டி நடுவுல நிறுத்தறது? அவனுக்கு இன்னா, வேற பொண்ணு பாத்துக்குவான்” என்றார். அப்படியே பார்த்துக்கொண்டான்.

திரும்பி வரும் பஸ்ஸில் சார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு, “எட்டு வருஷம் வெயில்ல நின்னேன், ஆயாம்மா” என்றார்.

“தெரியும் சார். நான்தான தண்ணி கொண்டாந்தேன்.”

“அந்த ஒரு கட்டம்...”

“அதுல உங்க பேரு இருந்தா அவ சந்தவாசல் போவா. அவரு பேரு இருந்தா ஹாஸ்டல் போவா.”

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். முன் இருக்கையில் மேகலா அப்பா தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவர், தலைக்குக் குளிக்காத பெண் மேலே படுகிறதே என்று நினைத்ததாகத் தெரியவில்லை.

“கால் வலிக்குது, ஆயாம்மா” என்றார் சார்.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கெட்டிக்காரத்தனமாகப் பேசிப் பார்த்தேன், பலிக்கவில்லை. விழுந்து பார்த்தேன், நனைந்ததுதான் மிச்சம். அந்த மனிதர் கையை ஒழுங்காகப் பார்த்தபோதுதான் வழி தெரிந்தது. வேலை முடிந்ததும் யார் பெயர் எழுதப்பட்டால் பிள்ளை கரை சேருமோ அந்தப் பெயர் எழுதப்படட்டும். உங்கள் பெயரை யாரும் கேட்க மாட்டார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை என்று சொன்னால் நம்பாதீர்கள்.

அதனால், கண்ணு, நான் சொல்லச் சொல்ல எழுதினாயே, அடியில் என் பெயரைப் பெரிய எழுத்தாகப் போட்டுவிட்டாயா? ஆயா என்று இல்லை, பெயரை. சரி, இப்போது முதலிலிருந்து படி. மெதுவாகப் படி, நான் கேட்கிறேன்.